அடைப்பு வீட்டின் பதினெட்டு வோல்ட்

"…சாவி என் இடுப்புலதான் இருக்கு தம்பி. பூட்டுன பூட்டு பூட்டுனபடி கெடக்கு. மூணு மாசமா ஒரு ஆளு உள்ள போகல. அங்க யாரு டிவி பாப்பாங்க?"

அந்த அம்மா இதைச் சொன்னபோது மத்தியானம் ஒரு மணி ஆகி ஐந்து நிமிஷம் இருக்கும். அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தேன். கையில் வோல்ட் மீட்டர். கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. களத்தில் வெயில் வெள்ளையாக விழுந்து கிடந்தது. மாமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

டிஷ் மாட்டுகிற வேலையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து நானாகப் படித்ததுதான். சீர்காழிக்கும் கீழ்வேளூருக்கும் நடுவில் நான் ஏறாத மாடி குறைவு. கூலி வந்தது, போனது. ஜனங்கள் சொன்ன பேச்சு மட்டும் போகாமல் தங்கிவிட்டது. சீர்காழியில் ஒரு அம்மா, நான் கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்போது சொன்னார்: "வீட்டுல ஒரு ஆளு கூடிடுச்சு தம்பி. நல்லவேளை, இதுக்குச் சோறு போட வேணாம்." இப்படி எத்தனையோ. ஆனால் பூட்டிய வீட்டைப் பற்றி இந்த அம்மா சொன்னதைத்தான் நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் அவர் மகன் போன் பண்ணியிருந்தார். "அண்ணே, வண்டிக்கு டிஷ் கனெக்‌ஷன் குடுக்கணும். வண்டின்னா வீடு. வீடுன்னா வண்டி. வந்து பாத்தீங்கன்னா புரியும்."

கீழ்வேளூரிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே போனால் ஊர்க் கடைசியில் அந்த வீடு. நல்ல மாடி வீடு. முன்கதவில் பூட்டு. வாசல்படியில் எண்ணெய் காய்ந்த அகல் ஒன்று. எதிரே களத்து ஓரம், மாமரத்துக்கு அடியில், ஒரு டிராவலர் வேன். மகன் வளைகுடாவில் வெல்டராக இருக்கிறார். அப்பா அம்மாவைக் காசி வரைக்கும் கூட்டிப்போவதற்கென்று கரூரில் ஒரு பட்டறையில் கொடுத்து அந்த வேனை வீடாக மாற்றியிருந்தார். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, சுவரில் டிவிக்கு இரும்புக் கை. வண்டி ஊர் வந்து சேர்ந்த மறு வாரம் அப்பா போய்விட்டார். காசிக்கு வண்டி கிளம்பவே இல்லை.

அவர் உயிர் பிரிந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அது ஆறு மாச அடைப்பு. நான் வேதக்கார வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவன், எங்கள் பக்கம் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் கூரைமேல் ஏறிப் பிழைக்கிறவனுக்கு எல்லா வீட்டு வழக்கமும் தெரிந்திருக்கும். ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் போனால் வீட்டை அத்தனை மாசம் பூட்டிவிட வேண்டும். உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்க வேண்டும். யாரும் குடியிருக்கக் கூடாது. சாயங்காலம் வாசலில் விளக்கு மட்டும் வைப்பார்கள். அந்த அம்மா விளக்கு வைக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், களத்தில் கட்டியிருக்கிற பசுவையும் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் காசிக்குப் போக வேண்டிய வண்டி களத்திலேயே அவருக்குக் குடித்தனமாகிவிட்டது.

மகன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, எனக்கு லீவு முடியப் போகுது. அம்மா இதுல தனியா இருந்துக்குவாங்கன்னு தோணுனாத்தான் நான் நிம்மதியா ஏறுவேன். பயந்துக்கிட்டாங்கன்னா சென்னையில ஒரு ஹோமுல எடம் பேசி வெச்சிருக்கேன், அங்க விட்டுட்டுதான் போவேன். டிவி ஓடுனா கொஞ்சம் சத்தமாவது இருக்கும்."

அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "ஹோமு கீமுன்னு பேசுனா அந்தப் பசுவையும் கூடக் கூட்டிட்டுப் போடா," என்றார்.

வேலையைப் பார்த்தேன். கரூர்க்காரர்கள் பிளைவுட் பலகைக்குப் பின்னாலேயே ஒரு கேபிள் போட்டு அனுப்பியிருந்தார்கள். கூரையில் ரப்பர் மூடி போட்ட ஓட்டையில் ஆரம்பித்து டிவிக்குப் பின்னால் வந்து முடிகிறது. மீட்டர் வைத்தால் ஷார்ட். எங்கேயோ ஒரு ஸ்க்ரூ ஒயருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. பழைய ஒயரின் நுனியில் புதுசைக் கட்டி இந்தப் பக்கம் நான் இழுத்தேன், மகன் கூரைமேல் நின்று விட்டுக்கொடுத்தார். சுவருக்குள் அது சரசரவென்று ஊர்ந்து வருகிற சத்தத்தைக் கேட்டு அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே இறங்காமல் கூரையில் ஒரு வளைவு விட்டு, ஓட்டையைப் பசை வைத்து அடைத்தேன்.

அதெல்லாம் சரியாக வந்தது. வானம்தான் கிடைக்கவில்லை. டிஷ் தெற்கே பார்க்க வேண்டும், தெற்கே பூராவும் மாமரம். வண்டியை நகர்த்தலாம் என்றால் ஒரு பக்கம் வைக்கோல்போர், மறு பக்கம் வாய்க்கால். எதிரே அடைத்த வீட்டு மாடியிலோ அவர்களுடைய டிஷ் ஜோராக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. படிக்கட்டு வெளிப்பக்கம். கதவைத் திறக்க வேண்டியதில்லை.

"அதுலேருந்து ஒயர் இழுக்கலாம்," என்றேன்.

மகன் அம்மாவைப் பார்த்தார். அம்மா கொஞ்சம் யோசித்தார். "அந்த வீட்டுலேருந்து ஒரு சொம்புகூட வெளிய வரக் கூடாது. ஆனா டிஷ்ஷு வீட்டோட சாமானா? அது வானத்தோட சாமான். எடுத்துக்கங்க. உள்ள போற ஒயர மட்டும் கழட்டாதீங்க தம்பி. அவரு இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்."

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கிண்ணத்தை எல்.என்.பி. என்போம். சேனல்கள் வானத்திலிருந்து இரண்டு வரிசையாக இறங்குகின்றன. எந்த வரிசை வேண்டும் என்று வீட்டில் டிவிக்குக் கீழே இருக்கிற செட்டாப் பெட்டிதான் ஒயர் வழியாக மின்சாரம் அனுப்பிக் கிண்ணத்தைக் கேட்கும். பதிமூன்று வோல்ட் அனுப்பினால் ஒரு வரிசை, பதினெட்டு அனுப்பினால் இன்னொன்று. ஒரே கிண்ணத்தில் இரண்டு பெட்டி மாட்டினால், பதினெட்டு கேட்கிற பெட்டிதான் ஜெயிக்கும். மற்றதில் பாதி சேனல் போய்விடும். அதற்கென்று இரட்டை வாய் உள்ள கிண்ணம் இருக்கிறது. அன்று பையில் இல்லை. ஒயரை இரண்டாகப் பிரிக்கிற ஒரு சின்ன டப்பா இருந்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டிலிருந்து யார் சேனல் கேட்கப் போகிறார்கள் என்று அதையே மாட்டிவிட்டேன்.

களத்தின் குறுக்கே, வீட்டு மாடிக்கும் வண்டிக் கூரைக்கும் நடுவில் கறுப்பு ஒயர் தொங்கியது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "ரெண்டையும் சேத்துக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கே," என்றார். வண்டியில் வீட்டைப் பார்த்த பக்கத்து ஜன்னலை மட்டும் அவர் அடைத்துத் திரை போட்டு, திரையின் இரண்டு முனையையும் கிளிப் மாட்டி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பத்து நாள் கழித்து அவரே போன் பண்ணினார், குரலைத் தாழ்த்தி.

"தம்பி, டெய்லி ஒரு மணிக்கு சிக்னல் இல்லன்னு வருது. ஒண்ணரைக்குத் தானா வந்துடுது. நான் எதையும் தொடல. பையன்கிட்ட சொல்லிடாதீங்க. அவன் நாயித்துக்கெழம கெளம்புறான். அப்பா நெனப்புல அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு என்னையச் சென்னைக்கு ஏத்திடுவான்."

மகன் நாகப்பட்டினத்துக்குச் சாமான் வாங்கப் போகிற நாளாகப் பார்த்து வரச் சொன்னார். பதினொரு மணிக்கே போய்விட்டேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இணைப்பை எல்லாம் பிரித்து மாட்டினேன், ஒயரைத் தடவிப் பார்த்தேன். மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே இருக்கும்போது டிவியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் பாதி வார்த்தையில் நின்று போனாள். நீலத் திரை. கடிகாரம் சரியாக ஒன்று.

"பாத்தீங்களா," என்றார் அம்மா.

மாடிக்கு ஓடினேன். பிரிக்கிற டப்பாவிலிருந்து, உள்ளே வீட்டுக்குள் இறங்குகிற ஒயரைக் கழற்றினேன். "வந்துடுச்சு," என்று கீழே குரல். திரும்ப மாட்டினேன். "போயிடுச்சு." மறுபடி கழற்றி அந்த ஒயரின் நுனியில் மீட்டரை வைத்தேன். பதினெட்டு. முள் ஆடவே இல்லை. அந்த உச்சி வெயிலில் எனக்கு முழங்கை வரைக்கும் மயிர் குத்திட்டது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டி, எனக்கு இந்தச் சேனல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு இறங்கி வந்துதான் கேட்டேன், உள்ளே யாரும்மா டிவி பார்க்கிறது என்று. அதற்குத்தான் அவர் அந்தப் பதிலைச் சொன்னார்.

சொன்னவர் அங்கேயே நிற்கவில்லை. "வாங்க," என்று முன்னால் நடந்தார். தாழ்வாரத்து ஜன்னல் கதவு ஒன்று வெயிலில் வளைந்து விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. "நீங்க பாருங்க. நான் பாக்கக் கூடாது."

கண்ணை வைத்தேன். மூடிக் கிடந்த அறையின் சூடு முகத்தில் அடித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பிளாஸ்டிக் ஒயர் நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு. டிவி கறுப்பாக இருந்தது. அதற்குக் கீழே பெட்டி மட்டும் உயிரோடிருந்தது. பச்சை எழுத்தில் சேனல் நம்பர். அந்த வெளிச்சம் துண்டின் ஒரு மூலையில் விழுந்திருந்தது. நம்பரை வாய்விட்டுப் படித்தேன்.

"அது அவரு நியூஸு," என்றார் எனக்குப் பின்னாலிருந்து. "ஒரு மணி நியூஸு. மேட்டூர்ல எவ்வளவு தண்ணி, எவ்வளவு தொறந்தாங்கன்னு கேக்காம அவருக்குச் சோறு எறங்காது. காது வேற மந்தம். அவரு வெக்கிற சத்தத்துல தெருவுக்கே மேட்டூர் நெலவரம் தெரிஞ்சிடும்."

எனக்கு மூச்சு வந்தது. "அம்மா, இதுல பயப்பட ஒண்ணுமில்ல. டிவிய மட்டும் அணைச்சிருக்கீங்க, பெட்டிய அணைக்கல. வாசல் லைட்டுக்காக மெயினும் ஓடுது. இந்தப் பெட்டியில ஞாபகப்படுத்துறதுக்குன்னு ஒண்ணு உண்டு. இத்தனை மணிக்கு இந்தச் சேனலுக்குப் போன்னு வெச்சுட்டா அதுவாப் போயிடும். ஐயா வெச்சிருக்காரு. அதான்."

"ஆமா, வெச்சிருந்தாரு. எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடுத்தாரு. ஒண்ணரைக்கு என் சீரியலு. ஒண்ணரை ஆனா பேசிக்கிட்டு இருக்குறவன் வாய மூடிட்டு அதுவா மாறும். 'ஒன் நேரம் வந்துடுச்சு'ம்பாரு. அதான் ஒண்ணரைக்கு எனக்குத் திரும்பி வருது."

எல்லாம் கணக்காகப் பொருந்தியது. ஐயாவின் நியூஸ் பதினெட்டு வரிசை, அம்மாவின் சீரியல் பதிமூன்று. நாளைக்கே இரட்டை வாய்க் கிண்ணம் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன், அதுவரை வேண்டுமானால் வெளிச் சுவரில் இருக்கிற ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடலாம், பெட்டி தானாக அணைந்துவிடும் என்றேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பெட்டிகளில் அப்படி வைக்கிறது ஏழு நாளைக்கு மேல் நிற்பதில்லை.

அவர் ஃபியூஸ் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, கரண்டு போனா அதெல்லாம் அழிஞ்சுடும்ல?"

நான் மீட்டரின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவ கரண்டு போயி வந்தாலும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு மொதல்லேருந்து வெப்பாரு. போன வாரம் டிரான்ஸ்பார்மர் வெடிச்சு ரெண்டு நாளு ஊரே இருட்டாக் கெடந்துச்சே."

வாய்க்கால் பக்கம் பைக் சத்தம் கேட்டது. அது பெரிதாகிக் களத்துக்குள் திரும்பியது. மகன் இரண்டு கையிலும் பையோடு இறங்கி என்னைப் பார்த்தார், பிறகு மாடியைப் பார்த்தார். "என்னண்ணே, என்ன கோளாறு? அம்மா, ஏன் அங்க நிக்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: "ஒரு கோளாறும் இல்லடா. ஒயரு சரியா இருக்கான்னு பாக்க வரச் சொன்னேன். சரியாத்தான் இருக்கு. நாயித்துக்கெழம நீ கெளம்பு. நான் இங்கதான் இருப்பேன்."

"கட்டையை…" என்று இழுத்தேன்.

"இருக்கட்டும் தம்பி. கிண்ணமும் வேணாம்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிப் படியில் ஏறினார். ரிமோட்டை எடுத்து, நான் ஜன்னல் இடுக்கில் படித்த அதே நம்பரை அழுத்தினார். நீலத் திரை போய்ச் செய்தி வந்தது. அந்தச் சேனல் பதினெட்டு வரிசை, உள்ளே இருக்கிற பெட்டி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் ஒரு புள்ளி கலையாமல் படம் நின்றது. மேட்டூர் அணையின் பெயர் வந்ததும் வீட்டைப் பார்த்த பக்கத்துத் திரையின் கிளிப் இரண்டையும் கழற்றினார். கண்ணாடி ஜன்னலை ஒரே தள்ளாகத் தள்ளித் திறந்தார். பிறகு சத்தத்தைக் கூட்டினார், களத்தைத் தாண்டிக் கேட்கிற வரைக்கும்.