ஹார்லன் கிரோவுக்காக நின்றவர்

ஹாலிவுட்டில் எம்மெட் லஸ்க் அளவுக்கு அசையாமல் நிற்கத் தெரிந்த மனிதர் கிடையாது. ஒருமுறை அவர் நின்ற நிற்பில், தொப்பிமேல் குருவி கூடு கட்டி முட்டையே இட்டுவிட்டது. நம்பாதவர்கள் போகட்டும், முட்டையை நான் பார்த்தேன்.

நிற்பதுதான் அவருக்குப் பிழைப்பு. ஹார்லன் கிரோவ் படத்தை இயக்குவார், கதாநாயகனாகவும் நடிப்பார். கேமராவுக்குப் பின்னால் நின்று பார்ப்பவர், அதே நேரம் முன்னாலும் எப்படி இருப்பார்? அதனால் அவர் உயரமும் தோளும் கொண்ட எம்மெட், அவர் உடுப்பையே போட்டுக்கொண்டு அவர் இடத்தில் நிற்பார். விளக்குகள் சரியானதும் விலகிக்கொள்வார். எந்தப் படத்திலும் அவர் முகம் வந்ததில்லை.

கிரோவ் போர்த் தளபதி வேடத்துக்காக இளைத்தபோது எம்மெட்டும் பட்டினி கிடந்தார். வங்கி முதலாளிக்காகத் தொப்பை வளர்த்தபோது எம்மெட்டும் மூன்று வேளையும் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்குமாக வெட்டித் தள்ளினார். உடைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்து என் விரல்தான் தேய்ந்தது. ஆனால் கிரோவ் என்ன நடிகர்! அவர் குடிகாரனாக வந்தால் கொட்டகையில் முன்வரிசைக்குத் தலை சுற்றும். இயக்குநராக அதற்கும் மேலே. ஒருத்தி கதவைச் சாத்துகிற விதத்திலேயே அவள் கல்யாணம் முறிந்ததைக் காட்டிவிடுவார்.

டெலிவிஷன் வந்து கொட்டகைகள் காற்று வாங்கத் தொடங்கியபோது கிரோவுக்கும் வயதாகியிருந்தது. படக் கம்பெனிக்குப் புதிய நிர்வாகியாக வந்த ஜெப்சன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: “கிழவருக்கு முடியலன்னு தெரிஞ்சா அன்னிக்கே படத்த நிறுத்திடுவேன்.”

அப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்தில் கிரோவ் நீதிபதி. ஒரு விதவை அழுது முறையிடுவாள். அவர் கண்களை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அன்றைக்கென்று ஜெப்சன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கிரோவ் “ஆக்‌ஷன்” என்று கண்களை மூடினார். விதவை அழுது முடித்தாள். அவர் திறக்கவில்லை. அடடா, என்ன நடிப்பு என்று உருகிப்போனோம். பிறகு மெல்லியதாக ஒரு குறட்டை கேட்டது.

‘கட்’ சொல்ல இயக்குநருக்கு மட்டும்தான் உரிமை. இயக்குநரோ தூங்குகிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெப்சன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

எம்மெட் தானும் போட்டிருந்த நீதிபதியின் கறுப்பு அங்கியைக் கழற்றி என் கையில் திணித்தார். வெறும் சட்டையோடு, ஒரு காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்தார். கிரோவின் தோளைத் தொட்டார்.

“அய்யா, அந்தம்மா சொல்லி முடிச்சிட்டாங்க. எல்லாரும் உங்க வாயத்தான் பாக்குறாங்க.”

கிரோவ் கண் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை. எம்மெட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“தெரியும்ப்பா. கண்ண மூடுனாத்தான் எனக்கு உண்மை காதுல விழும்,” என்றார் நீதிபதியாக. தீர்ப்பைச் சொல்லி முடித்து, “கட்!” என்றார்.

ஜெப்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். “அந்தக் குமாஸ்தா வர்றது கதையில இல்லையே?”

“காலையிலதான் சேத்தேன்.”

“பிரமாதம்!” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் கார் சத்தம் தேய்ந்த பிறகு கிரோவ் கேட்டார். “குறட்டை விட்டேனாடா?”

“விட்டீங்க. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அடுத்த காட்சிக்கு எம்மெட் மறுபடி அங்கியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கிரோவ் கேமரா வழியாக நெடுநேரம் பார்த்தார்.

“எம்மெட், நான் இவ்ளோ தளந்தா போயிட்டேன்?”

“இது நானுங்க. நீங்க வந்து உக்காந்தா வேற மாதிரி இருக்கும்.”

“வாய் மட்டும் தளரல ஒனக்கு.”

எப்போதும் விளக்குக்காரர்களை விரட்டுகிறவர், அன்று இதைக் கொஞ்சம் தள்ளு, அதை இறக்கு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எம்மெட்டின் தலை தூக்கத்தில் நாற்காலியில் சாய்ந்தது. எழுப்பப் போன விளக்குக்காரனைக் கிரோவ் கைகாட்டி நிறுத்தினார்.