தலை வெட்டுப்பட்ட படம்

எங்கள் கலியாண ஆல்பத்தின் கடைசிப் படத்தில் இருப்பவளுக்கு மூக்குக்கு மேலே முகம் இல்லை. பச்சைச் சட்டை, மடியில் கமராவின் வெறும் தோல் உறை, அதன் மேல் வீங்கிய விரல்கள், பல் தெரிய ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். இப்படி ஒரு படத்தை எடுத்த மடைச்சி நான்தான்.

அவள் என் சின்னம்மாவின் மகள். நீர்வேலியில் எங்களுக்கு அடுத்த வளவு. பதினாறு வயதில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, முகமும் காலும் ஊதிப் பள்ளிக்கூடம் நின்றுபோனது. கப்பலில் வேலை செய்த சித்தப்பா கொடுத்த கமராவை மட்டும் அவள் விடவில்லை. பிலிம் இல்லாமலே கண்ணில் வைத்து அமத்திக்கொண்டிருப்பாள். போரின் பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்தில் பிலிமுக்கு எங்கே போவது? எங்கள் கலியாணத்துக்கென்று கொழும்பிலிருந்து ஒரே ஒரு சுருள் கிளாலிக் கடல் தாண்டி வந்தது. அன்றைக்கே கேட்டாள்:

"அக்கா, உங்கடை கலியாணத்தை நான் எடுக்கட்டே? எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

வைத்தியர் கையை விரித்துவிட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பண்டத்தரிப்பிலிருந்து வந்த என் வருங்கால மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். "சுகமில்லாத பிள்ளை மணவறைக்கு முன்னாலை நிக்கிறதோ? ஸ்ரூடியோக்காரன் வரட்டும்." எனக்கு அப்போதே வாய் நீளம். "அவள் எடுக்காட்டில் படமே வேண்டாம், மாமி" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாப்பிள்ளை மட்டும் மெதுவாக, "எடுக்கட்டுமன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றுவரை அவருக்குச் சோறு போடுகிறேன்.

கலியாணத்தன்று அவளால் நிற்க முடியவில்லை. என் தம்பிமார் இருவரும் கதிரையோடு தூக்கித் திரிந்தார்கள். "அங்காலை... இன்னும் பின்னாலை... காணும், வையுங்கோ" என்று அதிகாரம் வேறு. மாப்பிள்ளையையும் விடவில்லை. "அத்தான், கோழி களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி நிக்கிறியள், சிரியுங்கோ!" பந்தலே சிரித்தது. அன்று என்னைவிட அவள்தான் சந்தோஷமாக இருந்தாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

சுருளில் ஒன்றே ஒன்று மிச்சம். நோய் வந்த பிறகு யாரையும் தன்னைப் படமெடுக்க விடாதவள் கமராவை என்னிடம் நீட்டினாள்.

"என்னை ஒண்டு எடுங்கோ அக்கா. கிட்ட வராதேங்கோ, கண்ணாடிக்குள்ளை முழுசாத் தெரிஞ்சாலும் படத்திலை தலை வெட்டுப்படும்."

"ஓம், ஓம்" என்றேன். ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அவள் சிரித்தாளே! எத்தனை மாதத்துக்குப் பிறகு! அந்த முகத்தை வடிவாகப் பிடிக்கவேண்டுமென்று இரண்டு அடி முன்னே போய் அமத்திவிட்டேன்.

சுருள் கழுவக் கொழும்புக்குப் போனது. அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஒரு கிழமையில்தான் படங்கள் திரும்பி வந்தன. அவள் எடுத்த முப்பத்தைந்தும் அவ்வளவு அழகு. மாமி தன்னுடையதைப் பார்த்து "நான் இவ்வளவு வடிவோ?" என்று கேட்டு, பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைசிப் படத்தைச் சின்னம்மாவிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

"முகத்தைக் கெடுத்துப்போட்டன், சின்னம்மா."

சின்னம்மா படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "சிரிப்பை விட்டு வைச்சிருக்கிறாய்தானே, பிள்ளை. எனக்கு அது காணும்" என்றார்.

எனக்குக் காணாது; சிரிப்பு மட்டும் போதாது. இப்போதும் மகள் கைத்தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, "கிட்ட வந்து எடுங்கோ அம்மா, முகமே தெரியாது" என்று கத்துவாள். நான் இரண்டு அடி பின்னுக்குப் போய்த்தான் எடுப்பேன்.