மாமனார் காசில் படித்த டாக்டர்

மருத்துவக் கல்லூரியில் உடம்பில் எத்தனை எலும்பு என்று கற்றுக்கொடுத்தார்கள். யார் காசில் படித்தால் யாருக்கு அடிமை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

எனக்குப் படிப்புச் செலவு செய்தவர் என் மாமனார். திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருந்தார். தன் மகளைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தால் டாக்டருக்குப் படிக்க வைப்பதாகச் சொன்னார். ஐம்பதுகளில் அது ஊர் வழக்கம். வட்டியில்லாத கடன் என்று என் அப்பா சந்தோஷப்பட்டார். நானும்தான். முட்டாள்கள்.

படித்து முடித்ததும் கல்யாணம்; ஜவ்வாது மலையில் அரசாங்க மருந்தகத்தில் வேலை, அதை ஒட்டியே வீடு. வைத்தியம் இலவசம். ஆனால் மலைக்காரர்கள் ஒருத்தர் வாசலுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். சாமை கொண்டுவருவார்கள், பெரும்பாலும் புளி. வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும். வாங்கி மருந்தக வராந்தாவில் குவித்துவைத்தேன்.

மகளைப் பார்க்க வந்த மாமனார் முதலில் பார்த்தது அந்தக் குவியலைத்தான். ஒரு சுளையை நசுக்கி முகர்ந்தார்.

"இன்னா மாப்ளே, இத்த எலிக்கு வுட்டு வச்சிருக்கீங்க?"

"ஜனங்க பிரியப்பட்டுக் குடுத்தது மாமா."

"பிரியம் இருக்கட்டும். மண்டிக்கு அனுப்புங்க. உங்க படிப்புக் காசுல கழிச்சுக்கறேன்."

அடுத்த வாரமே ஆலங்காயம் வழியாகக் காலிச் சாக்குகள் வந்தன. நிரப்பி அனுப்பினேன். கடன் கரைகிறதே என்று மனசு குளிர்ந்தது. யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, அதனால் நான் யோக்கியன். மருந்தக வாசலில் புளி மூட்டைகளை அடுக்கிவைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று யோசிக்கவில்லை. கூட்டம் குறைந்தது. மலையில் காய்ச்சல் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். படித்த மூளை அல்லவா.

ஒருநாள் ஒருவனைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். கோடாலி பட்ட பாதம். கறுத்து நாறியது.

"எப்ப பட்டது?"

"பத்து நாளாச்சிங்க சாமி."

"பத்து நாளா இன்னாய்யா பண்ணிக்னு இருந்த?"

"எனக்குன்னு புளியமரம் இல்லீங்க. வூட்டுக்காரி புளி பொறுக்கப் போனா. கூலிப் புளி கெடைச்சதும் எடுத்துக்னு வர்லாம்னு இருந்தேங்க."

"எவன் கேட்டான் புளி?"

அவன் மனைவி மூட்டைகளைக் காட்டினாள். "இத்தினியும் கேக்காமயா வந்துச்சி சாமி?"

மலையிலிருந்து இறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மரம் ஏறிப் பிழைத்தவன்.

இனிமேல் யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று மலை முழுக்கச் சொல்லி அனுப்பினேன். காலிச் சாக்குகளை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய், இனிமேல் புளி வராது என்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் மாமனார் கேட்டார்: "அப்ப என் பணம்? மானத்த வித்துத் தருவீங்களா மாப்ளே?"

"கடன் நோட்டு எழுதிக்குங்க மாமா. வட்டியும் போட்டுக்குங்க."

போட்டார். ஒன்பது வருஷம் சம்பளத்தில் பாதியைக் கட்டினேன். என் மனைவி அத்தனை வருஷமும் தாலிச் சங்கிலி இல்லாமல் மஞ்சள் கயிறோடு இருந்தாள்.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வட்டிக்கு வாங்குங்கள். வட்டிக்காரன் வட்டியோடு நிறுத்திக்கொள்வான். வட்டி வேண்டாம் என்று கொடுக்கிறவன் உங்கள் நோயாளி வரைக்கும் வருவான்.

கடைசித் தவணை கட்டிய அன்று மாமனார் நோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். கால் போன அந்த மலைக்காரன் செங்கம் சந்தையில் உட்கார்ந்து கயிறு திரித்து விற்றுக்கொண்டிருந்தான். அவனிடம் போய் நான் எதைக் கிழித்துக் கொடுப்பது?