தம்பி வந்த ஐந்து ஞாயிறுகள்

ரயில் நிலையத்தில் இருபது வருஷமாக டிக்கெட் கொடுத்துக் கொடுத்தே அவளுக்கு ‘டிக்கெட் அக்கா’ என்று பேர் விழுந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரையும் வந்து ஒட்டிக்கொண்டது.

“எந்நேரமும் உட்கார்ந்தே இருக்கீங்கம்மா. உடம்பு அசையணும்” என்றார் டாக்டர்.

அக்கா ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் வாங்கினாள். வீட்டுக்குப் பின்னால் முட்புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் இறங்கினாள். முதல் வாரம் உள்ளங்கை கொப்புளித்தது, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டாம் மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. அந்தக் குஷியில், பஸ் ஓட்டும் தம்பியை வம்புக்கு இழுத்தாள்.

“பஸ்ல உனக்கு முன்னாடி உன் தொப்பை ஏறுதாமே! ஞாயித்துக்கிழமை வந்து ஒரு கை பிடிடா.”

“கூலி என்ன தருவே?”

“டீயும் திட்டும்.”

சிரித்துக்கொண்டே வந்தான். நான்கு ஞாயிறுகளில் இருவரும் புதரை வெட்டி, கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கினார்கள். தம்பியின் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் அவ்வளவு பேசியதே இல்லை.

ஐந்தாம் ஞாயிறு மிச்சமிருந்தது ஒரு பட்டமரத்தின் அடிக்கட்டை. “நீ தள்ளி நில்லுக்கா” என்று கடப்பாரையை வேருக்கடியில் கொடுத்து நெம்பினான். வேர் படீரென்று முறிந்தது. “பாத்தியா!” என்றவன் அப்படியே உட்கார்ந்தான். களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது தம்பி கட்டையில் சாய்ந்திருந்தான். தோளைத் தொட்டாள். உயிர் இல்லை.

மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரின் முகம் மலர்ந்தது. “பிரமாதம்மா! சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யுங்க.”

அக்கா நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சாவு வீட்டில் முகம் கொடுக்காத தம்பி மனைவி, ஒரு மாலை தானாக வந்தாள்.

“அண்ணி, அவருக்கு முன்னாடியே நெஞ்சு வலி இருந்துச்சு. ‘அக்காகிட்ட சொல்லாதே, வராதேன்னுடுவா. வாரத்துல அந்த ஒரு நாள்தான் சந்தோஷமா இருக்கேன்’னாரு. நானும் வாயைத் திறக்கல.”

‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்று நாக்கு நுனி வரை வந்ததை அக்கா விழுங்கிக்கொண்டாள். அவன் ஆசைப்பட்டு வந்தான் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

“கூப்பிட்டது நான்தானேம்மா” என்றாள்.

அதன்பின் அக்கா பின்கதவைத் திறக்கவே இல்லை. முள் மறுபடி மண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி மனைவி வருகிறாள். இருவரும் முன்னறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.