பதினேழாம் இலக்கத் தையல் மெசின்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் இருக்கும் எங்கள் ஊர் மிசன் பங்களாவை, பழமை மாறாமல் காத்து வைத்திருப்பதாகப் பெருமையடிப்பார்கள். கண்டறியாத பழமை! அதன் முன்னறையில், யன்னலோரமாக, கையால் சுற்றித் தைக்கிற மெசின் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை: "துரைசாணி அம்மா பாவித்தது." அந்த அட்டையை எழுதியது நான்தான். நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனாலும் எழுத்து என்னுடையது.

அப்பா மலேரியாவில் போனபிறகு அம்மா அந்தப் பங்களாக் குசினியில்தான் சமையல் வேலை செய்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, வீட்டுச் சாமான்களை வேலையாட்களுக்குப் பங்கிட்டார்கள். தோட்டக்காரருக்கு ஒரு சாய்மனைக் கதிரை. தேவாலயத்து உபதேசியாருக்கு அலுமாரி. அம்மாவுக்குத் தையல் மெசின். எல்லாம் வாயால் சொன்னதுதான், துண்டொன்றும் எழுதித் தரவில்லை.

மிசன் சாமான் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ரால் ஓர் இலக்கம் போட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எல்லாரும் அதை உடைந்த போத்தலோட்டால் சுரண்டி எடுத்துவிட்டார்கள். உபதேசியார் ஒருபடி மேலே போய் அலுமாரிக்குப் புது வார்னிஷும் அடித்தார். எங்கள் மெசினில் இருந்தது பதினேழு. அம்மா அதைச் சுரண்ட மாட்டேன் என்று நின்றார்.

"சுரண்டினா களவெடுத்த சாமான் மாதிரியெல்லோ இருக்கும்? அவா தந்ததெண்டதுக்கு இந்த நம்பர்தானே சாட்சி."

சனிக்கிழமைகளில் மெசினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கும்போதுகூட, இலக்கம் அழிந்துவிடாமல் அதைச் சுற்றித்தான் துணி போகும்.

அந்த மெசின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. குளத்தடிக் காணிகளுக்குக் குடியேறி வந்த சனத்தின் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை அம்மாதான் தைத்தார். தைத்துத் தைத்தே என்னைப் படிப்பித்தார். நான் மிசன் பள்ளிக்கூடத்தில் ரீச்சராகவும் வந்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மிசனுக்கு மிஞ்சியது தேவாலயமும் ஆளில்லாத பங்களாவும். புதிதாக வந்த போதகர், பங்களாவை முந்தியிருந்த மாதிரியே ஒழுங்குபடுத்தி நினைவு இல்லமாகத் திறக்க வேண்டும் என்று ஓடித்திரிந்தார். கெட்டித்தனமான மனுசன். அட்டைகள் எழுத என்னைப் பிடித்தார். எனக்கும் சந்தோசத்தில் தலைகால் தெரியாத புளுகம். ஒருநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, மெசினை மூண்டு நாளைக்குத் தாங்கோ. திறப்புவிழா முடிய நானே கொண்டுவந்து தருவன்."

அம்மா உடனே சம்மதிக்கவில்லை. "பள்ளிக்கூடம் துவங்கப் போகுது ஐயா. தைக்கிற துணி குவிஞ்சு கிடக்கு."

நான்தான் குறுக்கே விழுந்தேன். "போதகர் வீடு தேடி வந்து கேக்கிறார். குடுங்கோ அம்மா, நான் பொறுப்பு."

மூன்று நாள் போய் மூன்று கிழமையும் போயிற்று. துணி தந்தவர்கள் வீட்டுவாசலில் வந்து நின்றார்கள். கடைசியில் நானும் அம்மாவும் பங்களாவுக்குப் போனோம். போதகர் பழைய கொப்பி ஒன்றை விரித்துக் காட்டினார். மிசன் சாமான்களின் இடாப்பு. பதினேழாம் இலக்கம், தையல் மெசின், ஒன்று.

"நம்பர் சரியாயிருக்கு அம்மா. இது மிசன்ரை சொத்து. வாயாலை சொன்னதை நான் எப்பிடி ஏற்கிறது?"

"உபதேசியார் பக்கத்திலை நிண்டவர். அவரைக் கேளுங்கோ," என்றார் அம்மா.

உபதேசியார் அங்கேதான் நின்றார். எனக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கிய மனுசன். அம்மாவின் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார்! அவர் நிலத்தைப் பார்த்தார்.

"கனகாலமாப் போச்சு. எனக்கு ஞாபகமில்லை."

ஞாபகம் எப்படி வரும்? வந்தால் அலுமாரியின் கதையும் சேர்ந்தல்லவா வரும். இலக்கத்தைச் சுரண்டினவர்களிடம் சாமான் இருந்தது. சுரண்டாத என் அம்மா வெறுங்கையோடு நின்றார். பொறுப்பு என்று வாய் கிழியச் சொன்ன நான் என்ன செய்தேன்? போதகரை எதிர்த்து நாலு பேர் முன்னால் பேசினால் மரியாதையில்லை என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்த மரியாதையைக் கொண்டுபோய் அடுப்பில் போட.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு குந்தினார். அதற்குப் பிறகு கைத்தையல்தான். ஒரு சட்டைக்கு இரண்டு நாள் பிடித்தது. தைக்கத் தருபவர்களும் குறைந்து போனார்கள்.

அடுத்த மாரி முடிய, மெசின் கறள் பிடித்து இறுகிவிட்டது, எண்ணெய் விட்டுத் தாருங்கோ என்று போதகர் அம்மாவுக்கு ஆள் விட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "போகாதேங்கோ!" என்று கத்தினேன். அம்மா எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எனக்குக் காட்டினார். ஊசிக்குக் கீழே நூல்கட்டை இருக்கிற சின்ன இரும்புக் கூடு.

"மெசின் அவையின்ரையாம். இருக்கட்டும். இது தேஞ்சு போச்செண்டு நான் யாழ்ப்பாணத்திலை என்ரை காசிலை வாங்கிப் போட்டது."

அது இல்லாமல் அந்த மெசின் ஒரு தையலும் தைக்காது. இவ்வளவு காலமாகியும் அங்கே ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பார்க்க வைத்த சாமான்தானே, யார் தைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயும் மகளுமாக அவர்களுக்கு நல்ல பாடம் படிப்பித்துவிட்டோம் என்று ஒரு சந்தோசம்.

"தாங்கோ அம்மா, நான் பத்திரமா வைக்கிறன்," என்று கையை நீட்டினேன்.

அம்மா அதைத் திரும்ப முந்தானையில் போட்டு இறுக்கி முடிந்தார்.

"வேண்டாம் பிள்ளை. ஆரும் வந்து கேட்டா நீ குடுத்துப்போடுவாய்."