ஐந்தருவியில் யார் கை

எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் அங்கன்வாடிக் கட்டிடத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கிறது. மைக் பிடிப்பது நான். செல்போனில் எவன் என்ன கேட்டாலும், ரோட்டில் எவன் வம்பு செய்தாலும், "அம்மாகிட்ட சொல்லப் பயமா இருந்தா நம்பிக்கையான இன்னொரு பெரியவங்ககிட்ட சொல்லுங்க. ஆனா சொல்லிருங்க" என்று வாரம் தவறாமல் முழங்குவேன். என் மகள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

சீசன் தொடங்கினால் தெருப் பெண்களும் பிள்ளைகளுமாகக் குற்றாலம் போவோம். கூட்டத்தில் பிள்ளை தொலையாமல் இருக்க வகுப்பிலேயே ஒரு விதி வைத்திருந்தோம். பஸ் ஏறும்முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு திரும்பும்வரை அவர் கையை விடக் கூடாது. பெற்ற தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்தக் கடைசி வரியைச் சேர்த்த மேதாவியும் நான்தான்.

அந்த முறை, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நேரே போய் எதிர்வீட்டு மதினியின் கையைப் பிடித்தாள்.

அந்த மதினியிடம் அப்படி என்னதான் இருக்கிறது? எதைச் சொன்னாலும் சிரிப்பாள். படி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். 'அத்தை, அத்தை' என்று இவள் அந்த வீடே கதியென்று கிடப்பாள். பத்து மாதம் சுமந்தவள் நான், சிரிப்பெல்லாம் அங்கே.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நின்றோம். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. காதோடு வாயை வைத்தால்தான் உண்டு. மகள் எக்கி நின்று மதினியின் காதில் ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். மதினி சிரிக்கவில்லை. என்னைப் பற்றித்தான் கோள் மூட்டுகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு குளிர்ந்த தண்ணீருக்கடியில் நின்றும் எனக்கு வயிறு எரிந்தது.

வீடு திரும்பியதும் மதினி பின்னாலேயே வந்தாள்.

"என்ன மதினி, எம்பிள்ளைய ஒரேயடியா எடுத்துக்கிடுதியளா?" என்றேன்.

"ஏசுததப் பொறவு ஏசுங்க. செல்போன் கேம்ல பழகுன ஒருத்தன் போட்டோ அனுப்பு, அனுப்புன்னு சொல்லுதானாம். இவ அனுப்பல. அனுப்பலன்னா எங்கூடப் பேசுதத ஒங்க வீட்டுல சொல்லிருவேன்னு மிரட்டுதானாம். 'நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க அத்தை'ன்னு அழுதா."

போனில் வந்த ஒன்றையும் அழிக்காதே என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் மகளுக்குச் சொன்னேன். மறுநாளே சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தோம். மதினியும் கூட வந்தாள்.

"ஏட்டி, ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீதானம்மா மைக்ல சொன்ன."

அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் என்று நானே சொல்லிக்கொடுத்ததுதான். பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறாள்.

அவன் ஓய்ந்துவிட்டான். என் பொறாமைதான் ஓயவில்லை.

அடுத்த முறை குற்றாலம் கிளம்பியபோது மகள் வந்து என் கையைப் பிடித்தாள். மதினியை ஒரு பார்வை பார்த்தேன். அருவிக்கடியில் மகள் எக்கினாள். என்ன ரகசியமோ என்று நானும் ஆசையாகக் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. அத்தைக்கு எடமில்ல."

தள்ளி நின்றேன். கையை மட்டும் விடவில்லை.