சேவல் இடப்பக்கம்தான் பார்க்க வேண்டும்

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே மென்பொருள் விட்டவள் நான் என்று சொன்னால் இன்றைக்கும் என் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். "அந்தப் பொம்மப் படம் போடுவாளே, அதச் சொல்லுதாளா?" என்பார் அம்மா. பொம்மைப் படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மைப் படத்துக்குப் பதிப்பு எண் உண்டு, வெளியீட்டுக் குறிப்பு உண்டு, என்னைக் குறைசொல்லி மின்னஞ்சல் எழுத எங்கெங்கோ ஆட்களும் உண்டு. குறைசொல்ல ஆள் இருக்கிற வேலை எப்படி விளையாட்டாகும்?

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தோம். வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் திரையைப் பார்த்தால் சாவு நடந்த துஷ்டி வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறம். நாள் முழுக்க அந்த முகத்தில் விழித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் நானே ஒன்று எழுதினேன்.

திரையின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தீப்பெட்டி நிற்கும். தட்டினால் உள்பெட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதற்குள் வரிசையாகப் படங்கள். எந்தப் படத்தைத் தட்டுகிறோமோ அதற்குரிய வேலை திறக்கும். பெட்டியின் நிறம், அளவு, படங்கள் எல்லாவற்றையும் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவுதான். பெயரும் தீப்பெட்டிதான், நம் ஊரில் வேறென்ன பெயர் தோன்றும்? நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலும் பெருந்தன்மையாக எழுதி வைத்தேன். அந்தப் பெருந்தன்மை பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

உள்ளூரில் அதைப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர். எங்கள் தெருவில் இருந்த அக்கா. சொந்தமில்லை, ஆனால் சொந்தக்காரர்களைவிட அதிகமாக அதட்டுவார். எட்டயபுரம் சாலையில் ஊரைத் தாண்டி உள்ளே போனால் வருகிற ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. சிறு வயதில் லேபிள் ஒட்டப் போனவர், பிறகு லேபிள் கட்டுகளைச் சரிபார்த்து, கடைசியில் ஆபீசுக்குள் பில் போடுகிற நாற்காலிக்கு வந்து சேர்ந்திருந்தார். கணவர் இல்லை. மகள் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி இருந்தால்தான் அந்தப் படிப்பு.

அந்த நாற்காலிக்குத்தான் வந்தது ஆபத்து. முதலாளியின் மகன் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து, ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். கூடவே, அதில் பழகிய ஆள் ஒருத்தரைக் கொண்டுவந்துவிட்டு அக்காவை வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். பெரியவருக்கு மனசு வரவில்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்போம், அதற்குள் அவள் இதில் பில் போடப் பழகிவிட்டால் அவளே இருக்கட்டும் என்று தவணை கொடுத்தார்.

அன்றைக்கே அக்கா என் சென்டருக்கு வந்து நின்றார். திரையில் இருந்த ஆங்கில வரிசையைக் காட்டினேன். பார்க்கவே மறுத்துவிட்டார். "எழுத்தெல்லாம் எனக்கு வேண்டாம்ட்டி. லேபிளக் காட்டு, என்ன சரக்குன்னு சொல்லுதேன்" என்றார்.

சரி, லேபிளையே காட்டிவிடுவோம் என்று தீப்பெட்டியை அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். இருப்பு பார்க்க யானை, கணக்குக்கு மான், மூடிவிட்டுப் போகத் தாமரை. பில்லுக்குச் சேவல். சேவல் அந்தக் கம்பெனியின் சொந்த லேபிள். பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் வரைந்தேன். உலகம் பூராவும் நம்ம சேவல் போகுமா என்று கேட்டு அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். அக்கா சேவலைத் தட்டிப் பில் போட ஆரம்பித்தார். முதலில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினார், பிறகு விறுவிறு என்று போனது.

சேவலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடக்கே ஏதோ ஒரு கிராமத்துக் கடையில் தீப்பெட்டி வாங்குகிறவர் கம்பெனிப் பெயரையா படித்துக்கொண்டிருக்கிறார்? சேவல் கொடு என்பார், அவ்வளவுதான். ஒரு சேவல் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், அதே நிறம், அதே கொண்டை, ஆனால் வலப்பக்கம் பார்க்கிற சேவலை எவனாவது அச்சடித்துச் சந்தையில் இறக்கிவிடுவான். கேட்டால் இது வேறு சேவல் என்பான். இந்தக் கம்பெனியின் சேவல் இடப்பக்கம் பார்க்கும். லேபிள் சரிபார்த்த காலத்தில் அக்கா பல வருடம் பார்த்த வேலையே, சந்தையிலிருந்து வருகிற பெட்டிகளில் டூப்ளிகேட்டைக் கண்டுபிடிப்பதுதான். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்திருந்தது, மண்டையில் ஏறவில்லை.

நான் புதிய பதிப்பு விடுவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கடைக்காரர்கள் முதல் வியாபாரத்துக்கு ராசியான கையைத் தேடுவார்கள் இல்லையா, அது மாதிரி என் பதிப்புகளுக்கெல்லாம் போணி அக்கா கைதான். பென்டிரைவில் கொண்டுபோய் அவர் கம்ப்யூட்டரில் போடுவேன். அவர் பெட்டியைத் திறந்து சேவலைத் தட்டி, "ம், விடு" என்பார். அதற்கப்புறம்தான் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏற்றுவேன். கரண்ட் போகாமல், லைன் அறுந்துவிடாமல் அது ஏறி முடிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். இதில் ராகு காலத்தில் ஏற்றாதே என்று அம்மா வேறு.

போலந்து நாட்டுக்காரர் ஒருவர் தீப்பெட்டிக்கு நிறையத் திருத்தங்கள் அனுப்புவார். முகம் பார்த்ததில்லை, மின்னஞ்சல் பழக்கம்தான். அவர் ஒருநாள் எழுதினார்: பெட்டி திரையின் இடது ஓரத்தில் நிற்கிறது, சேவலும் இடப்பக்கம் பார்க்கிறது, அது உங்கள் திரையை விட்டு வெளியே போகப் பார்க்கிறது. உள்ளே பார்க்கிற மாதிரி திருப்புங்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். நியாயம்தான். திருப்பினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த இடத்தில் வலப்பக்கம் பார்க்கிற சேவல்தான் அழகு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பதிப்போடு ஆபீசுக்குப் போன அன்று அக்கா இல்லை, கயத்தாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்க எனக்கு எங்கே பொறுமை? நானே போட்டேன், நானே தட்டிப் பார்த்தேன், நேராகப் போய் உலகத்துக்கும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை சென்டருக்குப் போன் வந்தது.

"ஏட்டி, பெட்டிக்குள்ள டூப்ளிகேட் பூந்துட்டு. சேவல் அந்தப் பக்கம் பாத்து நிக்கி. வயரப் புடுங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டூப்ளிகேட் இல்லை, நான்தான் திருப்பினேன், ஒரு போலந்துக்காரர் சொன்னார், வயரை மாட்டிவிட்டுப் பேசாமல் தட்டுங்கள் என்று விளக்கினேன். அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, கிளம்பி வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ராத்திரியெல்லாம் பெய்திருந்தது. கரிசல் மழையைக் குடித்துவிட்டால் அப்புறம் யாரையும் சும்மா விடாது. சாலையை விட்டு இறங்கியதுமே மொபெட்டின் சக்கரத்தை மண் பிடித்துக்கொண்டது. வண்டியை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு நடந்தேன். செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு, அதற்கடியில் இன்னொன்று என்று வளர்ந்துகொண்டே போய், ஆபீஸ் வாசலை அடையும்போது நான் அரையடி உயரமாகியிருந்தேன். ஒரு சேவலைத் திருப்ப ஒரு வரிக் கட்டளை போதும். அதற்குத்தான் இந்தப் பாடு என்று திட்டிக்கொண்டே போனேன். யாரைத் திட்டினேன் என்று சரியாகச் சொல்ல முடியாது, எல்லோரையும்தான்.

வாசலில் தார்ப்பாய் போர்த்திய லாரி, சரக்கோடு, பில்லுக்காக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹார்னை அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து, பிடுங்கிய வயரைக் கையில் சுற்றி வைத்திருந்தார். எதிரே சின்ன முதலாளி. அக்கா, வெறும் படம்தானே, மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று அவர் மரியாதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அசையவில்லை.

"நாந்தான்க்கா திருப்புனேன். போன்லயே சொன்னேன்ல?" என்றேன்.

"நீ பேசாம இரு" என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கண் வாசலிலேயே இருந்தது.

சின்ன முதலாளிக்குப் பொறுமை போயிற்று. இதற்குத்தான் பழகிய ஆள் வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், இன்றைக்கே ஆள் சொல்லிவிடுகிறேன் என்று அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டார். நாகர்கோவிலில் படிக்கிற பெண்ணின் முகம் வந்து போனது. அழகு பார்த்துச் சேவலைத் திருப்பின கையை ஒடிக்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் பெரியவர் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் குங்குமமும் கையில் குடையுமாக வந்தார். அவர் படியேறியதும் அக்கா, யாரும் சொல்லாமலே குனிந்து வயரை மாட்டினார். கம்ப்யூட்டர் உறுமி, யோசித்து, மெதுவாகக் கண் திறந்தது. அக்கா பெட்டியைத் தட்டினார். சேவல் வந்தது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முகம் கறுத்துவிட்டது.

"எவன் அடிச்சது இது?"

"அதான் அண்ணாச்சி, லோடு நிப்பாட்டிட்டேன்" என்றார் அக்கா.

வெறும் படம்தானே அப்பா என்று மகன் ஆரம்பித்தார். பெரியவர் அவரை முடிக்க விடவில்லை. "வெறும் படமாலே? நீ படிச்ச படிப்பு, இந்த ஆபீசு எல்லாம் அந்தச் சேவல் இந்தப் பக்கம் பாத்ததுனாலதாம்லே. கண்டுபிடிச்சாள்லா, இவதான் இந்தச் சேர்ல இருக்கணும். இனி வேற ஆள் பேச்சு வேண்டாம்."

நானும் சின்ன முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அறையில் புத்தி தெளிவாக இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று அப்போது நினைத்தேன். சேறு அப்பிய காலோடு போய் ஒரு வரியில் சேவலைத் திருப்பினேன். அக்கா மடமடவென்று பில் போட்டு, அச்செடுத்து, டிரைவர் கையில் கொடுத்தார். லாரி போயிற்று. அந்தத் தீபாவளி அக்காவுக்கு நல்ல தீபாவளி.

அன்று மத்தியானமே இன்னொரு பதிப்பு விட்டேன். வெளியீட்டுக் குறிப்பில் ஒரே வரி: சேவல் மீண்டும் இடப்பக்கம் பார்க்கிறது. ஏன் என்று போலந்துக்காரர் கேட்டார். எங்கள் ஊரில் வலப்பக்கம் பார்க்கிற சேவல் போலிச் சேவல் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எனக்குப் புரியவில்லை, ஆனால் சரி என்று பதில் போட்டார். நல்ல மனுஷன். நிரலிலும், சேவலைத் திருப்பாதே என்று ஒரு வரி எழுதி வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அது நடந்தது. எவனோ என் தீப்பெட்டியை அப்படியே எடுத்து, வேறு பெயர் வைத்து, தன் மென்பொருளாக வெளியிட்டுவிட்டான். உரிமத்தின்படி அதில் ஒரு தப்பும் கிடையாது, எழுதியவளே நான்தான். ஆனால் திறந்து பார்த்தேன். அதே பெட்டி, அதே கொண்டை, அதே சேவல். வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. பகீரென்றது. திறந்த மூல மென்பொருளைப் பற்றிச் சென்டரில் பிள்ளைகளுக்கு எவ்வளவு பேசியிருப்பேன்! அத்தனையும் அந்த ஒரு நொடியில் மறந்துபோயிற்று. வயிறு எரிந்தது. அந்த வாரம் விட வேண்டிய பதிப்பு தயாராகப் பைக்குள் இருந்தது. இனி எதற்கு விடவேண்டும் என்று வெறுத்துப்போய், படத்தை அச்செடுத்துக்கொண்டு அக்காவின் ஆபீசுக்குப் போனேன்.

அக்கா அதே நாற்காலியில் இருந்தார். மகள் படிப்பை முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தாளை வாங்கிப் பார்த்ததும், திருப்பித்தான் போட்டிருக்கான் என்று சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு இதே சேவலுக்கு வயரைப் பிடுங்கினவர் இன்றைக்குச் சிரிக்கிறீர்களே என்று கேட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டார்.

"மொதல்ல நெசமாவே பயந்துதான் புடுங்குனேன். நீ போன்ல சொன்னதும் ஒன் வேலதான்னு வெளங்கிட்டு. ஆனா சின்னவரு என்னைய அனுப்பணும்னே நிக்காரு. அண்ணாச்சி கண்ணுல அந்தச் சேவல் பட்டாத்தான எனக்குப் பொழப்பு? அதான் அவிய வாரவரைக்கும் வயரக் கையிலயே வச்சிருந்தேன்."

அந்த அறையில் புத்தி தெளிவாக இருந்தது ஒரே ஒருத்தர்தான், அது நானும் இல்லை, சின்ன முதலாளியும் இல்லை.

"எம்மவ படிச்சு முடிச்சதே டூப்ளிகேட்டுச் சேவலாலதான். அதப் போயி ஏசுத?" என்று தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "பையில புதுசு வச்சிருக்கேல்லா? கொண்டா, போணி பண்ணுதேன்."

பென்டிரைவை எடுத்துக் கொடுத்தேன். அக்கா பெட்டியைத் தட்டினார். சேவல் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.